முப்பது நிமிடக் கருத்து

எட்டாம் வகுப்பு முடிவதற்குள் நான் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டேன். என் வகுப்பில் இருந்த மற்ற 41 பேரும் பார்த்துவிட்டார்கள். ஒருத்தரும் கன்னியாகுமரிக்குப் போனதில்லை. ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை. தமிழய்யா கரும்பலகையில் உட்தலைப்புகளை எழுதிப்போட்டு, கதிரவன் கடலிலிருந்து எழும் இடத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். பின் பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து, “ஐயா, நான் லீவுக்கு எங்க அம்மாச்சி ஊருக்குத்தான் போனேன், அதை எழுதட்டுமா?” என்று கேட்டான். “அதுக்குப் பேரு சுற்றுலா இல்லடா, விருந்தாடிப் போறது. உக்காரு” என்றார் ஐயா. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அந்தப் பையன் அம்மாச்சி வீட்டுக் கிணற்றில் நீச்சல் பழகியதை எங்களிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி மாமா தள்ளிவிட்டது, தண்ணிப் பாம்பு, மோட்டார் ரூம் சுவரில் இருந்த தேன்கூடு எல்லாம் அதில் இருந்தது. அவன் நோட்டில் அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. கதிரவன்தான் ஏறினான்.

நம் பள்ளிகள் பிள்ளைகளுக்குச் சுயமாகக் கருத்துச் சொல்லக் கற்றுத்தருவதில்லை என்று ஒரு நிரந்தரப் புலம்பல் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருத்துச் சொல்ல நன்றாகவே கற்றுத்தருகிறார்கள். போகாத ஊரைப் பற்றிப் பரவசப்படவும், படிக்காத நூலகத்தின் பயன்களை ஐந்தாகப் பிரிக்கவும், வீட்டில் பார்த்தே இராத சமத்துவத்தைப் பாராட்டவும் பன்னிரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். பதினேழு வயதில் வெளியே வரும்போது எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஒரு பக்கம் எழுதிவிடுவான். அதில் அவன் மட்டும் இருக்க மாட்டான்.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு வருடம் இந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்கியிருக்கிறேன். வெளிநாட்டுப் படிப்புக்கான ஜி.ஆர்.இ., ஐஇஎல்டிஎஸ் இரண்டுக்கும் எழுத்துப் பயிற்சி என் பாடு. ஐஇஎல்டிஎஸ்ஸில் 40 நிமிடத்தில் 250 சொல். ஜி.ஆர்.இ.யில் 30 நிமிடம். கல்வி, அரசு, கலாச்சாரம், தொழில்நுட்பம் பற்றி விவாதத்துக்குரிய ஒரு வாக்கியம் திரையில் வரும். நீ எவ்வளவு தூரம் உடன்படுகிறாய், ஏன் என்று எழுத வேண்டும். இந்த வாக்கியங்களின் முழுப் பட்டியலையும் தேர்வு நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல கேள்விகள் அவை, பொய் சொல்லக் கூடாது. ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள அதன் பெருநகரங்களைப் பார்த்தால் போதுமா? அரசு கலைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? ஒவ்வொன்றையும் வைத்து ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம்.

நாங்கள் அதற்குச் செய்தது என்ன தெரியுமா? மொத்தப் பட்டியலையும் ஏழெட்டுக் குடும்பமாகப் பிரித்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரெண்டு உதாரணம். கல்வி என்றால் ஐன்ஸ்டைன், அரசு என்றால் ஸ்வீடன், தோல்வி என்றால் எடிசன். எடிசன் பல்பு செய்வதற்குள் எத்தனை தடவை தோற்றார் என்பது கட்டுரைக்குக் கட்டுரை மாறும். ஒருவன் ஆயிரம் என்பான், ஒருத்தி பத்தாயிரம் என்பாள். யாரும் கேட்டதில்லை. முதல் பத்தியில் உடன்பாடு, மூன்றாம் பத்தியில் ‘எனினும்’, கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமநிலை. ‘எனினும்’ பத்திக்கு நான் தனியாக ஒரு வகுப்பே எடுத்திருக்கிறேன். சுற்றுலாக் கட்டுரையின் உட்தலைப்புகளைத்தான் ஆங்கிலத்தில் விற்றுக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு பெண் வந்தாள். விளாத்திகுளம் பக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம், வகுப்பில் மூன்றே பெண்கள் என்று சொன்னாள். சனி ஞாயிறு பஸ் பிடித்து வருவாள். ஒரு நாள் நான் கொடுத்த தலைப்பு: வெற்றிபெற வாய்ப்புக் குறைவான துறையில் சேர விரும்பும் மாணவர்களைக் கல்வி நிறுவனங்கள் தடுக்க வேண்டுமா?

அவள் எடிசனைக் கூப்பிடவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் 61 எடுத்ததால் பள்ளியில் அவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் தர மாட்டோம் என்று சொன்னதை எழுதியிருந்தாள். அப்பா தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றுகிறவர். அவர் தலைமையாசிரியர் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. “இந்தப் பிள்ளைக்கு வராதுங்க” என்று அவரிடம் சொல்லப்பட்டது. அங்கன்வாடியில் வேலைபார்க்கும் அத்தை மறுநாள் போய்ச் சண்டைபோட்டு, அது நடக்காமல், இன்னொரு பள்ளியில் சேர்த்துவிட்டது. இவ்வளவும் ஒன்றரைப் பத்தி. அதற்கப்புறம் அவள் கேட்டிருந்ததுதான் விஷயம். ‘வெற்றி வாய்ப்புக் குறைவு’ என்று தலைப்பு சொல்கிறதே, அதைக் கணக்கிட்டது யார்? எனக்கு வராது என்று சொன்னவர் நான் கணக்குப் போட்டு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, என் அப்பாவின் வேட்டியைத்தான் பார்த்தார். ஆகவே தடுக்கலாமா கூடாதா என்பதற்கு முன்னால், முன்கூட்டிச் சொல்லும் உரிமை யாருக்கு, எதை வைத்து என்று கேட்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை வரிக்கு ஒன்று இருந்தது. ஆனால் அந்தத் தலைப்புக்கு நான் படித்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் தலைப்பையே கேள்வி கேட்டது அது ஒன்றுதான். நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் அந்த ஒன்றரைப் பத்தியையும் சுழித்து, “சொந்தக் கதை வேண்டாம், பொது உதாரணம் போடவும்” என்று எழுதினேன்.

அவள் கோபப்படவில்லை. ரொம்ப சாதாரணமாக, “சார், எடிசன் எங்க ஸ்கூல்ல படிச்சாரா?” என்று கேட்டாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் எடிசனை எழுதினாள். ஸ்வீடனையும். தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 6-க்கு 3.5 வாங்கினாள். எங்கள் மையத்தில் பாதிப் பேர் வாங்கும் மதிப்பெண் அது. அவளுடைய சொந்த வாதத்தை அவள் எழுதியிருந்தால் கூட வாங்கியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது, குறைந்திருக்கவும் கூடும். என் குற்ற உணர்ச்சி மதிப்பெண்ணைப் பற்றியது அல்ல. தன் வாழ்க்கையில் நடந்தது ஒரு வாதத்துக்கு ஆதாரம் ஆகாது என்று ஒரு இருபது வயதுப் பெண்ணுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். அவளுக்கு வராது என்று சொன்ன ஆளின் வேலையை நான் கொஞ்சம் நாகரிகமாகத் தொடர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் உண்டு. அதை நான் இளைக்கவைத்துச் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் அதைச் சொன்னவர் என்னைவிட நல்ல ஆசிரியர். எங்கள் மையத்திலேயே கணக்கு எடுத்தவர், அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்தவர். ஒரு நாள் டீக்கடையில் இதைப் புலம்பியபோது வெளுத்து வாங்கினார்.

“உங்களுக்குச் சுயசிந்தனை வேணும். சரி. அது யாருக்கு வரும்? வீட்ல அப்பா இங்கிலீஷ் பேப்பர் படிச்சுட்டு சாப்பாட்டு நேரத்துல அரசியல் பேசுற வீட்டுப் பிள்ளைக்கு வரும். எனக்கு எங்க வீட்ல யாரு பேசுனா? எனக்கு அந்த முன்னுரை முடிவுரைதான் சார் ஏணி. அதைப் பிடிச்சுத்தான் ஏறி வந்தேன். ஏறினவன் ஏணியைக் கேலி பண்ணலாம், கீழ நிக்கிறவன்கிட்ட இருந்து பிடுங்கக் கூடாது.”

நான் வாயை மூடிக்கொண்டு வடையைத் தின்றேன். இன்றுவரைக்கும் அந்த வாதத்தின் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு பத்தியில் ஒரு விஷயம் வை, சொன்னதற்குக் காரணம் கொடு, அடுத்த பத்திக்கு வழி விடு என்பதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியவைதான். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவனுக்கு அது கூடுதலாகவே தேவை. கட்டமைப்பே அடக்குமுறை என்று பேசுகிற ஆட்கள் பெரும்பாலும் கட்டமைப்பை வீட்டிலேயே வாங்கி வந்தவர்கள்.

மீதிப் பாதியில்தான் சண்டை. ஏணியைக் கொடுப்பது ஒன்று. ஏறிப்போய் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொடுப்பது வேறு. நாங்கள் கொடுத்தது உட்தலைப்புகளை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சரக்கையும். பேசுகிற வீட்டிலிருந்து வந்த பிள்ளை எங்கள் எடிசனை ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் கதையைச் சொல்லியது. மிச்சம் எழுதியதெல்லாம் அரைகுறை என்றாலும், அதற்கு அந்தத் தைரியம் இருந்தது. டெம்ப்ளேட்டை மட்டும் நம்பி இருந்தவர்கள்தான் 3.5-இல் நின்றார்கள். எனவே சமத்துவத்தின் பெயரால் இதை ஆதரிப்பவர்கள் எங்கள் மையத்தின் மதிப்பெண் நோட்டை ஒரு தடவை புரட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு ஆத்திரம் எனக்கு உண்டு, இதெல்லாம் நமக்கு இரவல் வந்தது என்று நினைக்கிறார்கள். விவாதிக்க, ஆதாரம் கேட்க, மறுக்க நமக்கு மேலைநாட்டுத் தேர்வு வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததாம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்த யாரும் நன்னூலைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். பவணந்தியார் பாயிரத்தில் நூல் எழுதுகிறவன் கொள்ளக்கூடிய மதங்கள் ஏழு என்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. பிறர் சொன்னதை ஒத்துக்கொள்வது ஒன்று. மறுப்பது ஒன்று. முதலில் ஒத்துக்கொண்டு அப்புறம் களைவது ஒன்று. தானே ஒன்றை நாட்டிக் கடைசிவரை நிறுத்துவது, இரண்டு பேர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சேராமல் தன் வழியில் போவது. ஏழு! ஜி.ஆர்.இ. கேட்பது ஒன்றே ஒன்று, எந்த அளவுக்கு உடன்படுகிறாய் என்று. நம் பள்ளிக்கூடக் கட்டுரையில் அதுவும் இல்லை, முதல் மதம் மட்டும்தான். உடன்படு, உட்காரு.

நாம் இந்த ஏழையும் என்ன செய்தோம்? மனப்பாடம் செய்தோம். நூற்பாவை அடிபிறழாமல் எழுதியவனுக்கு முழு மதிப்பெண். ஏழு மதங்களில் ஒன்றை வைத்து ஒரு பத்தி எழுது என்று எந்த வினாத்தாளாவது என்னைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் தன் கொள்கையைச் சொல்வதற்கு முன் ‘பரபக்கம்’ என்று ஒரு முழுப் பகுதியை எதிராளிகளுக்கு ஒதுக்குகிறார். உலகாயதர் தொடங்கி 14 தரப்பு. ஒவ்வொன்றும் தன் வாதத்தைச் சொல்லும், அப்புறம்தான் மறுப்பு. அவர் மறுப்பு நமக்கு ஏற்புடையதா என்பது வேறு பேச்சு. ஆனால் உலகாயதன் என்ன சொன்னான் என்று ஒரு சைவ நூலைத் திறந்து தெரிந்துகொள்ள முடிகிறது. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் முழுதாகக் கிடைக்கவில்லை. அதை எதிர்த்து எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் இல்லையென்றால் அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது இன்னும் குறைந்திருக்கும். எதிராளியை ஒழுங்காக எடுத்துச் சொன்னால் அவன் நூல் அழிந்த பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிறான். எங்கள் ‘எனினும்’ பத்தியில் எந்த எதிராளி மிஞ்சுவான்?

பழம்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். அந்த வாதமேடைகளில் யார் நிற்க முடிந்தது, யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் தெரிந்த கதைதான். மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயவாதிகளைக் கேட்கப் போகும்போது ஆண் துறவியின் வடிவத்தில்தான் போகிறாள். இருந்தாலும் அவள் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்கிறாள், ஒன்றிலும் திருப்தி இல்லாமல் நகர்கிறாள், பிறகு காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் தான் தேடியதைக் கேட்டு அதை ஏற்கிறாள். அந்தக் காப்பியத்தில் பட்டிமண்டபம் என்ற சொல்லும் வருகிறது, சமயவாதிகள் ஏறி வாதிட வேண்டிய இடமாக. அந்தச் சொல்லின் இன்றைய நிலைமையைப் பொங்கலன்று காலை பத்து மணிக்கு டிவியில் பாருங்கள். குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா. நடுவர் ரெண்டு பக்கமும் நல்லாப் பேசினீங்க என்று சொல்லி, இருவரும்தான் என்று முடிப்பார். தோற்க எதுவும் இல்லாத இடத்தில் வாதம் எதற்கு? எனக்கு நகைச்சுவை பிடிக்கும், பட்டிமன்றம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன்தான். அதை விவாதம் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்த ‘இருவரும்தான்’ நோய் பள்ளியோடு நிற்பதில்லை. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. அதற்குத் தயாராகிற நண்பர்கள் வைத்திருக்கும் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். சமநிலை வேண்டும், நம்பிக்கையோடு முடிக்க வேண்டும், யாரையும் நேரடியாகக் குறை சொல்லக் கூடாது. நாளைக்கு ஒரு மாவட்டத்தில் உட்கார்ந்து, தண்ணீர் இந்த ஊருக்கா அந்த ஊருக்கா என்று முடிவெடுக்க வேண்டிய ஆளுக்கு நாம் தரும் பயிற்சி, முடிவெடுக்காமல் அழகாகப் பேசுவது எப்படி என்பது. நன்னூலின் ஐந்தாவது மதம் ஞாபகம் வருகிறதா? இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணி. நடுவில் நில் என்று எட்டாவதாக ஒன்றை அவர் சொல்லவில்லை.

தேர்வு நடத்துகிறவர்களும் யோக்கியம் இல்லை. ஜி.ஆர்.இ.யில் 2023 வரை இரண்டு எழுத்துப் பகுதி இருந்தது. ஒன்று இந்தக் கருத்துக் கட்டுரை. இன்னொன்றில் யாரோ ஒருவரின் வாதத்தைக் கொடுத்து அதில் எங்கே ஓட்டை, என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு எடிசன் உதவ மாட்டார். கொடுத்ததைப் படித்தே ஆக வேண்டும். எங்கள் மையத்தில் கொஞ்சமாவது மூளை சூடான வகுப்பு அதுதான். அந்த செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபோது எதைத் தூக்கினார்கள் தெரியுமா? அதைத்தான். நான் அதற்குள் வேலையை விட்டிருந்தேன். செய்தியைப் படித்ததும் எனக்குப் பழைய கடைக்காரனின் வயிற்றெரிச்சல்.

மதிப்பிடுவதிலும் பாதி இயந்திரம்தான். ஒரு மனிதரும், இ-ரேட்டர் என்ற மென்பொருளும். எம்.ஐ.டி.யில் எழுத்து கற்பித்த லெஸ் பெரல்மன் 2014-இல் மாணவர்களோடு சேர்ந்து ‘பேபல்’ என்று ஒரு நிரல் செய்தார். மூன்று சொல் கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு அர்த்தமே இல்லாத கட்டுரையை எழுதித் தள்ளும். தானியங்கி மதிப்பீட்டு மென்பொருள்கள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன. நீண்ட சொல், நீண்ட வாக்கியம், ‘எனினும்’, ‘ஆகவே’. எல்லாம் சரியான இடத்தில் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து மாணவர்களின் எழுத்தைக் கெடுத்துவிட்டது என்று ஆசிரியர்கள் அழுகிறபோது எனக்குச் சிரிப்பு வருகிறது. நாம் 42 பேருக்கு ஒரே சூரியனைக் கொடுத்தபோது எந்தக் கம்ப்யூட்டர் இருந்தது? அது வந்து நம் வேலையை வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். திருத்துகிற ஆசிரியருக்கு ஒரு நாளில் எத்தனை கட்டு விடைத்தாள் என்று எனக்குத் தெரியும், அவர் தலையில் இன்னொரு மூட்டை ஏற்ற நான் வரவில்லை. பொதுத்தேர்வை விட்டுவிடுங்கள். வருடத்தில் ஒரே ஒரு வகுப்புக் கட்டுரை, மதிப்பெண் இல்லாமல், கரும்பலகையில் எதுவும் எழுதாமல். இந்த ஊரில் நீ ஒத்துக்கொள்ளாத ஒரு விஷயத்தைச் சொல், அதை ஆதரிக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் அவர்களே தலையாட்டும்படிச் சொல், அப்புறம் உன் பதில். இவ்வளவுதான். எழுதிவரும் பிள்ளைகள் சாதியைப் பற்றி எழுதுவார்கள், டாஸ்மாக்கைப் பற்றி எழுதுவார்கள், அந்த ஆசிரியரைப் பற்றியே எழுதுவார்கள். அதனால்தான் இது நடக்காது என்று எனக்கும் தெரியும். தலைப்பு நூலகமாகவும் சுற்றுலாவாகவும் இருப்பது கற்பனைப் பஞ்சத்தால் அல்ல.

போன வருடம் மாடி வீட்டு அக்காவின் மகன், எட்டாம் வகுப்பு, நோட்டோடு வந்தான். இருபது வருடம் கழித்தும் அதே தலைப்பு, நீங்கள் நம்பினால் நம்புங்கள். “மாமா, நாங்க எங்கயும் போகலயே, என்ன எழுத?” உசிலம்பட்டியில் அவன் அப்பத்தா வீட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லச் சொன்னேன். பஸ்ஸில் ஒருத்தர் மடியில் ஆட்டுக்குட்டியை வைத்திருந்ததும், அதற்கு டிக்கெட் உண்டா என்று கண்டக்டரோடு நடந்த சண்டையும், அப்பத்தா இவனை இளைச்சுப் போய்ட்ட என்று அழுததும் ஒரு பக்கத்துக்கு வந்தது. ஆட்டுக்கு டிக்கெட் வாங்கத் தேவையில்லை என்பது இவன் கட்சி. அதற்கு மூன்று காரணம் வைத்திருந்தான். அதில் ஒன்று, குழந்தையை மடியில் வைத்தால் டிக்கெட் இல்லையே என்பது.

மறுநாள் அக்கா இறங்கி வந்தார். “தம்பி, நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீக. ஆனா மிஸ் இதை அடிச்சு விட்டுட்டாக, மார்க் போயிரும். ஊட்டி, கொடைக்கானல்னு ஏதாவது ஒண்ணு நீங்களே எழுதிக் குடுத்துருங்க, அவன் பாத்து எழுதிக்கிருவான்.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் பக்கத்தின் குறுக்கே ஒரே கோடு. மூலையில், ‘தலைப்பை ஒட்டி எழுதவும்’. அக்கா நின்றுகொண்டிருந்தார், பையனும் பின்னால் படிக்கட்டில். நான் பேனாவை எடுத்துக் கொடைக்கானல் என்று எழுதினேன்.